கேளாமலே கொடுக்க வேண்டியது

தெம்பனிஸ் அடுக்குமாடி வீட்டில் பிறக்கும் தமிழ்க் குழந்தையின் செவியில் முதலில் விழும் மொழி யாது? 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியருள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேரே. “பள்ளி கற்பிக்கும்” என்பர் பெற்றோர். பள்ளி எழுத்தைக் கற்பிக்கும். இழந்த செவிக்கூர்மையை எளிதில் மீட்டுத் தராது. ஓராண்டு நிரம்புமுன்பே, கேட்டுப் பழகாத ஒலிகளைப் பிரித்தறியும் ஆற்றல் குழந்தையிடம் குறையத் தொடங்குகிறது. லகர, ளகர, ழகர வேறுபாடு தாய்மடியிலேயே செவியேற வேண்டும். நீராட்டும்போதும் சோறூட்டும்போதும், மின்தூக்கியில் மாடிகளை எண்ணும்போதும் பேசும் பேச்சே பாடம். இதனால் ஆங்கிலம் கெடாது. இரு மொழிகளையும் ஒருங்கே ஏற்கும் திறன் மழலைக்கு உண்டு. வாய்திறந்து உரிமை கோர இயலாத குழந்தைக்கு, அதற்குரிய செல்வத்தை மறுப்பது அறமாகுமா? கேளாமலே கொடுப்பதன்றோ பெற்றோர் கடன்!