பிணக்கும் இணக்கமும்: சீடத்துவத்தின் ஒரு தெரிவு

கொள்கைப் பற்றுடைய மனிதருக்கு எழும் அறச்சிக்கல்களுள் மிகவும் நுட்பமானது, தாம் உண்மையெனக் கொண்டதைப் பிறர் மறுக்குமிடத்து எவ்வாறு ஒழுகுவது என்பதாகும். உண்மையின்மேற் பற்றில்லாதவனுக்கு இச்சிக்கல் இல்லை. அவன் எவரோடும் இணங்கிப் போவான். பிறர்மேல் அன்பில்லாதவனுக்கும் இச்சிக்கல் இல்லை. அவன் எவரோடும் பொருதுவான். உண்மையையும் அன்பையும் ஒருங்கே பேணக் கடமைப்பட்டவனே இரண்டிற்குமிடையில் அலைக்கழிகின்றான். கிறிஸ்துவின் சீடன் எனத் தன்னைக் கூறிக்கொள்பவன் இந்நிலையிலேயே நிறுத்தப்பட்டிருக்கின்றான். மலைப்பிரசங்கம் சமாதானம் செய்வோரை இறைவனின் மக்கள் எனச் சிறப்பிக்கின்றது. அதே சுவிசேஷம், நம்பியதை மனிதர் முன் மறைக்கலாகாது என்றும் பணிக்கின்றது. இவ்விரு பணிப்புகளும் ஒன்றையொன்று மறுப்பனவா, அன்றித் தழுவுவனவா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வாராய்ச்சிக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாறு, சிறப்பாகத் தெல்லிப்பழையின் வரலாறு, தக்கதொரு களமாகும். 1816 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூவரும் எட்வேட் வாறனும் தெல்லிப்பழையிலே தம் பணியைத் தொடங்கினர். யூனியன் கல்லூரி அவ்வாண்டையே தன் தோற்ற ஆண்டாகக் கொள்கின்றது. அதே ஊரில் 1910 ஆம் ஆண்டில் பாவலர் துரையப்பாபிள்ளை மகாஜனக் கல்லூரியை நிறுவினார். துர்க்கை அம்மன் கோயில் ஊரினுள்ளே இருக்க, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் அயலிலே இருக்கின்றது. ஆலய மணியோசையும் தேவாலய மணியோசையும் ஒரே காற்றிற் கலக்கும் இவ்வூரிலேதான், பின்னாளில் உலகத் திருச்சபை ஒற்றுமை இயக்கத்தின் முதன்மையான குரல்களுள் ஒன்றாக விளங்கிய வண. டி. ரி. நைல்ஸ் 1908 ஆம் ஆண்டிற் பிறந்தார்.

நைல்ஸ் பிறந்த மண் சமயப் பூசலின் தழும்புகளைத் தாங்கிய மண் ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிமார் அச்சியந்திரத்தையும் பாடசாலையையும் மட்டுமன்றிக் கண்டனத்தையும் கொண்டுவந்தனர். 1829 ஆம் ஆண்டில் நிகழவிருந்த சந்திர கிரகணம் பற்றி அராலியைச் சேர்ந்த விசுவநாத சாத்திரியாரின் கணிப்பும் பூவரின் கணிப்பும் வேறுபட்டன. பூவரின் கணிப்பே சரியாயிற்று. அதனை மேனாட்டு அறிவின் வெற்றியாக மட்டுமன்றிச் சமயத்தின் வெற்றியாகவும் மிஷன் தரப்பினர் கொண்டாடினர். ஆயின் வானத்தில் நிகழ்ந்த கிரகணம் ஊராரின் உள்ளத்தைத் திருப்பியதில்லை. யாழ்ப்பாணம் அதன்பின்னும் பெரும்பான்மை சைவமாகவே இருந்தது. கணக்கில் ஒருவனைத் தோற்கடித்தல் வேறு, அவன் நெஞ்சைப் பெறுதல் வேறு என்பதற்கு இந்நிகழ்ச்சி ஓர் எடுத்துக்காட்டு.

இப்பூசலின் மறுபக்கத்தில் நின்றவர் நல்லூர் ஆறுமுக நாவலர். வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்றுக் கற்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத் தமிழ்மொழிபெயர்ப்பில் துணைபுரிந்த அவர், 1848 ஆம் ஆண்டில் அங்கிருந்து விலகி வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1854 ஆம் ஆண்டில் அவருடைய ‘சைவதூஷண பரிகாரம்’ வெளிவந்தது. சைவக் கிரியைகளை இழித்துரைத்தோர்க்கு விவிலியத்திலிருந்தே, எருசலேம் தேவாலய வழிபாட்டு முறைகளை எடுத்துக்காட்டி, அவர் விடையிறுத்தார். எதிர்த்தரப்பின் நூலை எழுத்தெண்ணிப் பயின்றவராலன்றி அத்தகைய நூல் ஆக்கப்பட்டிராது.

இங்கே ஓர் உண்மையை மறைத்தலாகாது. அப்பூசல் வீண்போகவில்லை. தமிழ் வசனநடை அதனாற் கூர்மை பெற்றது. இரு தரப்பிலும் அச்சகங்கள் எழுந்தன, பாடசாலைகள் பெருகின. ஆகவே வாதம் தீது, அமைதி நன்று என்று எளிதிற் கூறிவிடுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. பிணக்கினால் விளைந்த நன்மைகளை எண்ணிப் பார்த்த பின்னரும் சமாதானத்தைத் தெரிந்துகொள்வதற்குக் காரணம் உண்டா என்பதே வினாவின் உண்மையான வடிவமாகும்.

காரணம் உண்டு, அதனைச் ‘சமாதானம்’ என்னும் சொல்லே உணர்த்துகின்றது. இச்சொல் தமிழ் வழக்கிற் போரின்மையை மட்டும் குறிப்பதன்று. உரைமரபிலும் சாத்திர மரபிலும் ஓர் ஆசங்கை எழுந்தவிடத்து அதனை நீக்கும் விடைக்கும் ‘சமாதானம்’ என்று பெயர். ஐயமுற்றவனுக்குச் ‘சமாதானம் கூறுதல்’ என்பது அவன் மனம் அமையுமாறு விளக்குதல் என இன்றும் வழங்குகின்றது. எனவே சமாதானம் செய்பவன் வினாவைக் கண்டு ஒதுங்குபவன் அல்லன். வினாவை முழுதாகக் கேட்டு, அதற்குரிய விடையைத் தேடுபவன். கண்டனம் செய்பவனுக்கு எதிரே நிற்பவன் வெல்லப்படவேண்டியவன். சமாதானம் செய்பவனுக்கோ எதிரே நிற்பது ஒரு தடை. அதனை எழுப்பியவன் தன்னோடு சேர்ந்து உண்மையைத் தேடும் உடன்பயணி. நீக்கவேண்டியது தடையே, மனிதனல்லன். பரபக்கத்தை முறையாக எடுத்துக்கூறிய பின்னரே அதனை மறுக்கும் சைவசித்தாந்த மரபிலும் இந்நெறியின் வித்து உண்டு. பிறர் கூற்றை அவர் ஒப்பும் வகையில் உரைக்க இயலாதவனுக்கு அதனை மறுக்கும் உரிமையும் இல்லை.

நைல்சின் வாழ்வு இந்நெறிக்கு விளக்கமாக அமைந்தது. 1938 ஆம் ஆண்டிற் சென்னையையடுத்த தாம்பரத்தில் நடைபெற்ற அனைத்துலக மிஷனரி மாநாட்டில் அவர் இளம் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார். கிறிஸ்தவ வெளிப்பாட்டிற்கும் ஏனைய சமயங்களுக்கும் தொடர்ச்சி உண்டா என்பது அங்கு எழுந்த பெரும் விவாதம். டச்சு அறிஞர் ஹென்றிக் கிறேமர் தொடர்ச்சி இல்லை என்றார். சென்னையைச் சேர்ந்த செஞ்சையா, சக்கரை முதலியோர் அதனை மறுத்துரைத்தனர். இரு தரப்பினரும் அறிஞர், இரு தரப்பினரும் கிறிஸ்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

நைல்சுக்கும் சுவிற்சர்லாந்து இறையியலாளர் கார்ல் பார்த்துக்கும் இடையே நிகழ்ந்ததாக நைல்சே நினைவுகூர்ந்த உரையாடல் ஒன்று இவ்விடத்திற் பொருந்துவதாகும். ஏனைய சமயங்கள் யாவும் அவநம்பிக்கையே என்று பார்த் கூறினார். அவர் எத்தனை இந்துக்களைச் சந்தித்திருக்கின்றார் என்று நைல்ஸ் வினவினார். ஒருவரையுமில்லை என்பது விடை. அவ்வாறாயின் இந்து சமயம் அவநம்பிக்கை என்று அறிந்தது எங்ஙனம் என்ற வினாவிற்கு, அஃது அனுபவத்திற்கு முன்னரே துணியப்பட்டது என்று பார்த் பதிலிறுத்தார். நைல்ஸ் தலையை அசைத்துப் புன்னகை செய்தாராம்.

அப்புன்னகையைத் தோல்வி என்றோ கோழைமை என்றோ கொள்வது தவறு. பிழையின் மீது ஒளி விழும்படி ஒரு வினாவை எழுப்பிவிட்டு, அவ்வொளியைக் கொண்டு எதிரே இருப்பவரைச் சுடாமல் விடுத்தார் நைல்ஸ். தெல்லிப்பழையிற் பிறந்த ஒருவருக்கு ‘இந்து’ என்பது நூலிற் கண்ட ஒரு சொல் அன்று. அயல்வீட்டார், பள்ளித் தோழர், பெயர் சொல்லி அழைக்கத்தக்க மனிதர். மனிதரை அறியாமல் அவர் சமயத்தைத் துணிதல் அவருக்கு இயலாதிருந்ததன் காரணம் இதுவேயாகலாம். விவிலியத்தை நன்கறிந்து எதிர்த்த நாவலரும், இந்துக்களை நன்கறிந்து அவர்களோடு பேசிய நைல்சும் ஒரு வகையில் ஒரே பள்ளியினர். அறியாமையோடு பொருதுதலை இருவரும் வெறுத்தனர்.

இனி, இந்நெறிக்கு எதிராக எழக்கூடிய தடைகளை நோக்குதல் வேண்டும். சமாதானத்தை விரும்புபவன் உண்மையை விட்டுக்கொடுப்பான் என்பது முதலாவது தடை. நைல்ஸ் தம் வாழ்நாள் முழுவதும் நற்செய்திப் பணியாளராகவே விளங்கினார் என்பது இதற்கு விடையாகும். 1957 ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள், இந்துவும் முஸ்லிமும் பௌத்தரும் கிறிஸ்தவச் செய்தியில் எங்கு, ஏன் இடறுகின்றனர் என்பதை எடுத்து ஆராய்ந்தன. இடறுகின்றவனைக் குருடன் என்று இகழாமல், இடறிய இடத்தில் அவனோடு நின்று பார்க்கும் முறை அது. யாழ்ப்பாணத்தின் பேராயராக 1947 முதற் பணியாற்றிய சபாபதி குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருட்கோட்பாடு அமைந்துள்ள வகையை ஒப்பிட்டு 1964 ஆம் ஆண்டில் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். 1854 ஆம் ஆண்டின் கண்டனத்திற்கும் 1964 ஆம் ஆண்டின் ஒப்பாய்விற்கும் இடையே நூற்றுப்பத்து ஆண்டுகள் கிடக்கின்றன. அவ்விடைவெளியிற் கிறிஸ்தவம் தன் நம்பிக்கையை இழக்கவில்லை. தன் அச்சத்தையே இழந்தது. தன் கொள்கையில் உறுதியற்றவனே உரத்த குரலில் வாதிடுகின்றான் என்பதும் எண்ணத்தக்கது.

இரண்டாவது தடை முதலாவதினும் வலியது. அநீதி நிலவுமிடத்திற் சமாதானம் பேசுவது அநீதிக்குத் துணைபோவதாகாதா? யாழ்ப்பாணம் இவ்வினாவைத் தவிர்க்க இயலாத சமூகம். 1924 ஆம் ஆண்டில் தோன்றிய மாணவர் காங்கிரசின் முன்னணியில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம் ஒரு கிறிஸ்தவர். பாடசாலைகளிற் சகல சாதிப் பிள்ளைகளும் சமமாக அமரவேண்டும் என்னும் கோரிக்கையை அவ்வியக்கம் வலியுறுத்தியது. சமாசனம் நடைமுறைக்கு வந்த காலத்தில் எதிர்ப்பு மூண்டு, சில பாடசாலைகள் தீக்கிரையாயின. அமைதியைக் குலைத்தவர்கள் என்று அன்று பழிக்கப்பட்டவர்கள் சமத்துவம் கேட்டவர்களே. ஆயினும் அவர்கள் குலைத்தது சமாதானத்தையன்று. சமாதானம் போலத் தோன்றிய மௌனத்தையே.

1968 ஆம் ஆண்டு இவ்வகையில் நினைக்கத்தக்கது. அவ்வாண்டு ஏப்ரல் 4 ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். யூலை மாதத்திற் சுவீடனின் உப்சலா நகரிற் கூடவிருந்த உலகத் திருச்சபைகள் மன்றத்தின் பேரவையில் அவரே தொடக்கப் பிரசங்கம் செய்வதாக இருந்தது. அவருக்குப் பதிலாக அப்பணியை நிறைவேற்றியவர் நைல்ஸ். அதே ஆண்டின் நடுப்பகுதியில், அவர் பிறந்த ஊரின் அயலிலுள்ள மாவிட்டபுரத்தில், தாழ்த்தப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசம் கோரிச் சத்தியாக்கிரகம் செய்தனர். கதவு அவர்களுக்கு மறுக்கப்பட்டது. கோயில் வாயிலில் அமர்ந்திருந்தோர் பிணக்கை உண்டாக்கினரா, அன்றி முன்னரே இருந்த பிணக்கை வெளிக்காட்டினரா என்னும் வினாவிற்கு விடை காண்பவன் இரண்டாவது தடைக்கும் விடை கண்டவனாவான். நோயை மறைப்பது நலமாகாதது போல, அநீதியை மறைப்பது சமாதானமாகாது. புண்ணைத் திறந்து காட்டும் கையும் மருத்துவன் கையே. ஆனால் அக்கை குத்தும் கையாக மாறாதிருத்தல் வேண்டும். கிங்கும் மாவிட்டபுரத்துச் சத்தியாக்கிரகிகளும் இக்கட்டுப்பாட்டைத் தம்மேல் தாமே இட்டுக்கொண்டனர்.

மூன்றாவது தடை நடைமுறை பற்றியது. சமாதானம் வெற்றி பெறுவதில்லை என்பர். பிரிந்து கிடந்த சபைகளை இணைக்கும் பேச்சு 1919 ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் தொடங்கிற்று. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்ரெம்பர் 27 ஆம் தேதி உருப்பெற்றபோது இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. உபகண்டம் இரண்டாகப் பிளவுண்ட அடுத்த மாதத்திலேயே, நூற்றாண்டுகளாகப் பிரிந்திருந்தோர் ஒன்றாயினர். அமெரிக்க மிஷன் வழிவந்த யாழ்ப்பாணச் சபையும் அதில் ஒரு பேராயமாயிற்று. இலங்கையிலோ இதையொத்த இணைப்புத் திட்டம், நைல்ஸ் போன்றோர் உழைத்தும், அவர் 1970 ஆம் ஆண்டில் மறைந்தபின் நீதிமன்ற வழக்கினால் தடைப்பட்டு நின்றது. ஒற்றுமைக்கான முயற்சியே வழக்காக முடிந்தமை வருந்தத்தக்கது. எனினும் பயனை நோக்கி மட்டும் சமாதானத்தைத் தெரிபவன், பயன் தோன்றாத நாளில் அதனைக் கைவிடுவான். சீடனுக்கு அது கருவியன்று, கடன். இகலின் கேட்டினை உரைக்கத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர் மரபில் வந்தோர்க்கு இக்கருத்துப் புதியதுமன்று.

1990 ஆம் ஆண்டிற் போர் காரணமாக வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு இடம்பெயர்ந்தனர். தெல்லிப்பழையின் சைவரும் கிறிஸ்தவரும் ஒரே வழியால் வெளியேறினர். பாடசாலைகளும் அவர்களோடு இடம்பெயர்ந்தன. எவர் எவரை வாதத்தில் வென்றார் என்று அந்நாளில் எவரும் கேட்டிரார். அத்தகைய நாள் வருமுன்னரே ஒருவரையொருவர் அறிந்து வைத்திருந்தார்களா என்பதே ஒரு சமூகத்தைத் தாங்குவது. மீண்டு வந்து இடிந்த சுவர்களைக் கட்டியெழுப்பும் மக்களுக்கு அவ்வறிமுகம் கல்லிலும் சாந்திலும் குறைந்ததன்று.

ஆகவே சீடனுக்கு முன்னுள்ள தெரிவு, உண்மைக்கும் அமைதிக்கும் இடைப்பட்டதன்று. உண்மையைப் படைக்கலமாக ஏந்துவதா, விளக்காக ஏந்துவதா என்பதே அத்தெரிவு. படைக்கலம் ஏந்தியவனுக்கு எதிரி வேண்டும். விளக்கு ஏந்தியவனுக்கு உடன் நடப்போர் வேண்டும். அநீதியின் இருளில் அவ்விளக்கை உயர்த்திப் பிடிக்கவும் வேண்டும். அதனாற் பிறர் கூரையைக் கொளுத்தாதிருக்கவும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே செய்தல் அரிது. அரிதாயினும் அதுவே சமாதானம் செய்தல் எனப்படும். அதனினும் எளியதற்கு அப்பெயர் பொருந்தாது.