செயலும் எண்ணமும்

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எந்த மைதானத்திற்குச் சென்றாலும் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடக் காணலாம். ரன் எடுக்க ஓடும் சிறுவனும் பந்தையே நோக்கி ஓடும் சிறுவனும் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுவதுண்டு. உடனே ஒரு சாரார், "வேண்டுமென்றே மறித்தான்" என்பர்; மறு சாரார், "தெரியாமல் நேர்ந்தது" என்பர். நடுவராக நிற்பவர் திகைத்துப் போவார். சிறுவர் பூசலே எனினும் இதனுள் ஒரு பெரிய வினா அடங்கியுள்ளது. தீர்ப்பளிப்பவன் நோக்க வேண்டுவது செயலையா, செய்தவனது எண்ணத்தையா?

எண்ணமே கருமம் என்பது பகவான் புத்தரின் போதனை. கண்ணொளி இழந்த சக்குபாலர் என்னும் தேரர் உலாவிய பாதையில் பூச்சிகள் பல மிதிபட்டு இறந்தன. பிற பிக்குகள் அவர்மேல் குறை கூறினர். தேரர் அவற்றைக் காணவுமில்லை, கொல்ல நினைக்கவுமில்லை. ஆதலின் அவர்பால் குற்றமில்லை என்று பகவான் தெளிவித்ததாகத் தம்மபத உரை கூறும். அங்ஙனமாயின் நடுவரும் எண்ணத்தையன்றோ ஆராய வேண்டும் என்று தோன்றலாம். ஆயின், மதுவென அறியாது மதுவை அருந்திய பிக்குவுக்கும் குற்றம் உண்டு என்று விநயம் விதிக்கிறது. எண்ணத்தை அளக்கும் விதி ஒன்று. செயலை மட்டும் அளக்கும் விதி மற்றொன்று. இரண்டிற்கும் இடம் உண்டு.

அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில் இவ்வேறுபாடு நன்கு விளங்கும். பந்து கையில் இல்லாதவன், அதனைப் பிடிக்கும் முயற்சியிலும் இல்லாதபோது ஓடுபவனின் வழியை மறித்தால், அது தடையாகும். அடிக்கப்பட்ட பந்தைப் பிடிக்க முயல்பவனை ஓடுபவன் இடித்தாலோ, அறியாமல் இடித்தானெனினும் அவன் ஆட்டமிழப்பான். அவ்விடத்தில் வழியுரிமை யாருக்கு என்பதே அங்குக் கேள்வி. 2013 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டத்தில், பாஸ்டன் அணியின் மிடில்புரூக்ஸ் பந்தைப் பிடிக்கப் பாய்ந்து தரையில் விழுந்து கிடந்தார். ஓடப் புறப்பட்ட ஆலன் கிரெய்க் அவர்மேல் இடறி விழுந்தார். நடுவர் ஜிம் ஜாய்ஸ் அதனைத் தடையென்று அறிவித்தார். கிரெய்குக்கு ஓட்டம் வழங்கப்பட்டது; ஆட்டமும் அத்துடன் முடிந்தது. விழுந்து கிடந்தவரை எவரும் தீயவர் என்று கூறவில்லை. ஆயினும் இழப்பு அவர் அணியையே சேர்ந்தது.

நம் நாட்டில் நிகழ்ந்ததோ வேறு. 1999 பிப்ரவரியில் கல்கத்தாவில் பாகிஸ்தானுடன் நடந்த டெஸ்டில், மூன்றாம் ரன்னுக்கு ஓடிய டெண்டுல்கர் ஷோயப் அக்தருடன் மோதினார். எல்லைக்கருகிலிருந்து எறியப்பட்ட பந்து நேரே ஸ்டம்பைத் தாக்கியது. மூன்றாம் நடுவர் 'அவுட்' என்றார். வேண்டுமென்றே மறித்தால்தான் குற்றம் என்பது கிரிக்கெட் விதி. ஆதலின் இழப்பு ஓடியவரையே சேர்ந்தது. மக்கள் கொதித்தெழுந்தனர், ஆட்டம் தடைப்பட்டது. இறுதி நாளில் பார்வையாளரை வெளியேற்றிய பின்னரே ஆட்டம் முடிந்தது.

இருவர் மோதி, இருவரும் குற்றமற்றவராயின், இழப்பை ஏற்பவர் யார்? ஒரு விதி ஒரு விடையும், மற்றொரு விதி மற்றொரு விடையும் தருகின்றன. எதுவாயினும், இழந்தவன் பாவி என்று பொருளன்று. கூடியிருந்தோர் இதனை மறந்தமையாலேயே கலகம் விளைந்தது.

ஆனால் எண்ணத்தை ஆராய வேண்டியவர் ஒருவர் உண்டு, ஆடுபவர்தாம் அவர். நம் கர்நாடகத்து ஜி. ஆர். விசுவநாத் 1980 பிப்ரவரியில் பம்பாயில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். இங்கிலாந்தின் பாப் டெய்லருக்கு நடுவர் 'அவுட்' கொடுத்தார். பந்து மட்டையில் படவில்லை என்று உணர்ந்த விசுவநாத் அவரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்தனர். இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. இது மோதல் வழக்கன்று. எனினும், நடுவரின் தீர்ப்பு முடிந்த இடத்திலும் ஆடுபவனின் மனச்சான்று முடிவதில்லை என்பதற்கு இது சான்று. வேண்டுகோளை மீட்டுக்கொள்ளும் உரிமை 1999இல் பாகிஸ்தான் தலைவருக்கும் இருந்தது. அவர் மீட்கவில்லை, விதி அவரைக் குறை கூறாது.

பல மொழியினரும் சாதியினரும் நெருங்கி வாழும் இந்நகரத் தெருக்களில் இரு வண்டிகள் உரசிக்கொண்டால் நாம் என்ன செய்கிறோம்? உரசியவன் நம்மவனாயின், "தவறி நேர்ந்தது" என்கிறோம். அயலானாயின், "திமிர்" என்கிறோம். கண்டது உரசல் ஒன்றே. எண்ணத்தை நாமே அவன்மேல் ஏற்றுகிறோம். பிறர் உள்ளத்துள் நுழைய நமக்குக் கண்ணில்லை; நம் உள்ளத்தைக் காணவோ வேறெவர்க்கும் கண்ணில்லை.

ஆகவே பிறரைத் தீர்க்கும்போது செயலளவில் நிற்போமாக. நம்மைத் தீர்க்கும்போது எண்ணம்வரை செல்வோமாக. இவ்விரண்டையும் இடம் மாற்றி வைப்பதினின்றே பெரும்பாலான பகை பிறக்கிறது.