வேண்டாம் என்று சொல்லும் வலிமை

சேமிப்பு முதுமைக்கானது என்றே இளைஞர்களுக்குச் சொல்லி வருகிறோம். இருபத்தைந்து வயதில் சம்பளம் வாங்குபவருக்கு அறுபது வயது வேறு யாருக்கோ வரப்போவதாகத் தோன்றுவதால், அந்த அறிவுரை காதில் ஏறுவதில்லை. உண்மையில் சேமிப்பு முதலில் காப்பது இன்றைய மானத்தை. ஆறு மாதச் செலவுக்குப் பணம் வைத்திருப்பவர், இழிவாக நடத்தும் முதலாளியிடம் ராஜினாமாக் கடிதத்தை நீட்டலாம். சம்பளம் வந்த அன்றே தவணைகளுக்குப் பறிகொடுப்பவர் எதையும் சகித்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.

இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, அதாவது கடன் போக எஞ்சும் சேமிப்பு, 2020-21இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2022-23இல் ஏறத்தாழ 5 சதவீதமாகச் சரிந்தது. முன்னது ஊரடங்கில் செலவுக்கு வழியில்லாத ஆண்டு என்பதும், பின்னர் வாங்கிய கடனில் ஒரு பகுதி வீடாக நிற்கிறது என்பதும் உண்மை. ஆனால் நுகர்வுக் கடனும் வேகமாகப் பெருகியதால்தான், 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி அத்தகைய கடன்களுக்கான விதிகளை இறுக்கியது. கிரெடிட் கார்டு நிலுவைக்கு மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். ஐம்பதாயிரம் ரூபாய் பாக்கிக்கு மாதம் 1,750 ரூபாய் வட்டிக்கே போகும். அசல் அப்படியே நிற்கும்.

வாடகையும் பள்ளிக் கட்டணமும் போனால் மிச்சம் ஏது என்று கேட்பார்கள். அன்றாடங்காய்ச்சியிடம் சிக்கனம் பேசுவது கொடுமை. அவருக்குத் தேவை நியாயமான கூலி. என் பேச்சு, பழுதில்லாத கைப்பேசியை மாற்றத் தவணை கட்டுபவரிடம். விலைவாசி சேமிப்பைத் தின்றுவிடும் என்பதும் பொய்யல்ல: ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினால், சும்மா வைத்த பணத்தின் மதிப்பு பன்னிரண்டு ஆண்டுகளில் பாதியாகும். அதனால் பணத்தை எங்கே போடுவது என்று யோசிக்க வேண்டும்; சேமிக்கவே வேண்டாம் என்றாகாது. இளமையில் அனுபவிக்காமல் எப்போது அனுபவிப்பது என்ற கேள்விக்கும் இடமுண்டு. பயணமும் புத்தகமும் நண்பர்களுக்கு வைக்கும் விருந்தும் வாழ்க்கையின் பகுதிதான். ஆனால் விரும்பிச் செலவழிப்பது வேறு, கை பழகிப்போய்ச் செலவழிப்பது வேறு. பின்னதில் அனுபவமும் இல்லை, பணமும் இல்லை.

எனவே செலவு போக எஞ்சியதைச் சேமிக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது, எஞ்சாது. சம்பளம் வந்த அன்றே ஒரு பங்கைத் தொடர் வைப்புக்கோ வருங்கால வைப்பு நிதிக்கோ ஒதுக்கிவிட்டு, மீதியில் குடும்பம் நடத்த வேண்டும். தொகை சிறிதாக இருக்கலாம். அது வளர வளர, பிடிக்காததை மறுக்கும் துணிவும் கூடவே வளரும்.