சித்திரை லீவும் ஹோட்டன் சமவெளியும்

பெப்ரவரி முடிவதற்குள்ளேயே கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கொதட்டுவைப் பக்கத்து வீடுகளில் அந்தப் பேச்சு தொடங்கிவிடும். சித்திரை லீவுக்கு எங்கே போவது? வானை இப்போதே பேசிவைக்காவிட்டால் பிறகு கிடைக்காது. நுவரெலியாவில் அறை வாடகை நாளுக்கு நாள் ஏறும். பள்ளிக்கூடம் எப்போது பூட்டுகிறார்கள் என்று ஒருவர் கேட்பார். ஹோட்டன் சமவெளியை ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும் என்று இன்னொருவர் சொல்வார். கொழும்பின் புழுக்கத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்து பேசுகிறவர்களுக்கு மலைக்குளிரை நினைப்பதே பாதி ஆறுதல். வாகனம், சாப்பாடு, அறை, ஆளுக்கு எவ்வளவு என்று எல்லாம் கணக்கில் வந்துவிடும். அந்த நாளில் அங்கே போவது சரிதானா என்பதை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஹோட்டன் சமவெளி பெரிய இடமல்ல. 3,160 ஹெக்டேயர். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே ஒரு புல்வெளி, அதைச் சுற்றிக் குட்டை மரங்கள் அடர்ந்த முகில்காடு. 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடக்கூடாது என்று 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் சொன்ன ஆலோசனையைக் குடியேற்ற அரசு ஏற்றுக்கொண்டதும், தோட்டங்கள் இந்தச் சமவெளியை விழுங்காமல் விட்டதற்கு ஒரு காரணம். 1969இல் அது சரணாலயமானது. 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டின் வேறு காடுகளோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அழிந்துபோனதாகவே எண்ணப்பட்டிருந்த ஒரு வகைத் தேவாங்கின் படம் வெளிவந்ததும் அதே 2010இல்தான். அங்கே முகில் வந்து இலையிலும் பாசியிலும் மோதி நீராகச் சொட்டுகிறது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் அங்கிருந்து தலைநீர் போகிறது. களனி கொலன்னாவையை ஒட்டித்தான் கடலுக்கு ஓடுகிறது. அம்பத்தலையில் அந்த ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கும் தண்ணீரைத்தான் கொழும்பு குடிக்கிறது. 2016 மே மாதம் கொலன்னாவை வீடுகளுக்குள் புகுந்ததும் அதே ஆறுதான். மேலே நடப்பது வேறு யாருடைய ஊர்க்காரியமோ என்று கொலன்னாவைக்காரர் இருந்துவிட முடியாது.

பூங்காவின் வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும். ஒன்பது, பத்து மணியானால் உலக முடிவு என்ற செங்குத்து விளிம்பை முகில் மூடிவிடும். ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாக இறங்கும் அந்தப் பள்ளத்தைப் பார்க்க வந்தவர் வெறும் வெள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஆகவே வருகிற எல்லோரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள். நுவரெலியா, பட்டிப்பொல, ஒஹியா என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் இருட்டோடு இருட்டாக வான்கள் ஏறுகின்றன. சுற்றிவர ஒன்பது கிலோமீற்றர் அளவான ஒரே பாதை. புத்தாண்டு வாரத்தில் அது பாதையாக இராது, வரிசையாகிவிடும். பொறுமை இழந்தவர் புல்லில் இறங்கி முந்துவார். அவர் மிதித்த இடத்தை அடுத்தவர் மிதிப்பார். அந்தக் குளிரில் புல் மெல்ல மெல்லத்தான் மீளும். அதற்குள் அடுத்த லீவு வந்துவிடும்.

வாசலில் வனஜீவராசிகள் திணைக்கள ஊழியர்கள் பையைத் திறக்கச் சொல்வார்கள். தண்ணீர்ப் போத்தலைச் சுற்றியிருக்கும் லேபலை உரித்து எடுப்பார்கள். பிஸ்கட் பக்கற்றைப் பிரித்துக் கடதாசியில் கொட்டித் தருவார்கள். சோற்றுப் பார்சலின் லஞ்ச்சீட்டும் அங்கேயே நின்றுவிடும். சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்கள் கொஞ்சம் தள்ளி வாகனத் தரிப்பிடத்துக்கு அருகே நிற்கும் மரைகளைப் பார்க்க வேண்டும். மனிதர் கையால் தின்று பழகிவிட்ட மரைகள் அவை. சாப்பாட்டு மணம் ஒட்டிய பொலித்தீனையும் அவை விடுவதில்லை, அது வயிற்றில் அடைத்து மரைகள் செத்திருக்கின்றன. பாண் துண்டை நீட்டும் பிள்ளைக்கு இது தெரியாது. பக்கத்தில் நின்று அதைப் படமெடுக்கும் தகப்பனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பையைச் சோதிக்கலாம். நீங்கள் இன்றைக்கு வந்தேதான் ஆகவேண்டுமா என்று வாசலில் நிற்கும் ஊழியரால் கேட்க முடியாது. அது வானைப் பேசும்போதே வீட்டில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. கேட்டால் உடனே ஒரு பதில் வரும்: நாங்கள் போகாவிட்டால் எங்கள் இடத்துக்கு வேறு யாரோ போகத்தான் போகிறார்கள், எங்கள் ஒரு வானால் என்ன வந்துவிடப்போகிறது? கணக்கில் பார்த்தால் இதை மறுக்க முடியாது. ஒரு வான் குறைந்தால் சமவெளிக்கு அது தெரியவும் தெரியாது.

இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கொலன்னாவை அளவுக்கு அறிந்த ஊர் இலங்கையில் குறைவு. கொட்டாஞ்சேனைப் பக்கம் புளூமெண்டல் குப்பைமேடு 2009இல் உயர் நீதிமன்ற உத்தரவோடு மூடப்பட்ட பிறகு, கொழும்பின் குப்பை கொலன்னாவையின் மீதொட்டமுல்லைக்கு வந்து குவிந்தது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தொன். சுற்றியிருந்த குடும்பங்கள் ஆண்டுக்கணக்காக எதிர்த்தன, பலனில்லை. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, அங்கே குவிந்த மேடு சரிந்தது. 32 பேர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் பாதிக்கப்பட்டன. பலகாரம் சுட்ட அடுப்பு ஆறுவதற்குள் வீடு குப்பைக்குள் போயிற்று.

எந்த வீட்டுப் பை அந்த மேட்டைச் சாய்த்தது? எந்த வீட்டுடையதும் இல்லை. வெள்ளவத்தையில் ஒரு குடும்பம் ஒரு பை குறைவாகக் கட்டியிருந்தால் மேடு நின்றிருக்குமா? நின்றிராது. அதற்காக, பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் வாசலில் போய் நின்று என் பங்கு ஒன்றுமில்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? பங்கு சிறிது என்பதை அந்த வீட்டார் ஏற்றுக்கொள்ளக்கூடும், பங்கே கிடையாது என்பதை ஏற்கமாட்டார்கள். மனித உயிரையும் மிதிபட்ட புல்லையும் ஒரே தராசில் வைப்பது முறையாகாது, இங்கே வைக்கவும் இல்லை. பொறுப்பு ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிந்து, கடைசியில் எவர் கையிலும் இல்லாமல் போகும் விதம் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறது. அந்த ஆண்டு செப்டெம்பரில் லஞ்ச்சீட்டுக்குத் தடை வந்தது. பின்னர் கொழும்பின் குப்பைக்கு வில்பத்து தேசியப் பூங்காவுக்கு அருகே, புத்தளத்தின் அருவக்காட்டில் இடம் பார்த்தார்கள். புத்தளத்து மக்கள் வீதியில் இறங்கினார்கள். ஓர் ஊர் மூச்சுவிட இன்னோர் ஊர் மூக்கைப் பொத்த வேண்டியதாயிற்று.

ஆனால் இதை வைத்துக்கொண்டு, இயற்கையை நேசிப்பவர் மலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. இந்த மறுப்பைத்தான் அதிகம் மதிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சமவெளி நெடுங்காலம் சிலருக்கு மட்டுமே உரிய உல்லாசமாக இருந்தது. அதன் பெயரே 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த வில்மட் ஹோட்டனுடையது. அங்குள்ள அருவிக்கு வைத்திருப்பது சாமுவேல் பேக்கரின் பெயர். நுவரெலியாவில் குடியிருந்து நாய்களோடு மரை வேட்டையாடியவர் அவர். யானையும் அன்று அங்கே இருந்தது, இன்று இல்லை. துரைமார் குதிரையில் போன வழியில் இன்று வெல்லம்பிட்டியிலிருந்து ஒரு தையல் தொழிலாளி தன் பிள்ளைகளோடு நடந்துபோகிறாள் என்றால் அது மகிழ வேண்டிய மாற்றம். பத்துத் தடவை போய்வந்த ஒருவர், கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூட்டம் வந்து இடத்தைக் கெடுத்துவிட்டது என்று அலுத்துக்கொள்வதில் நியாயமில்லை. அவரும் கூட்டம்தான், பத்துத் தடவை வந்த கூட்டம்.

ஆகவே எத்தனை பேர் போகிறார்கள் என்பதோடு, யார் எந்த நாளில் போகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கார்மெண்டில் வேலை செய்கிறவளுக்கு நாலைந்து நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைப்பது சித்திரைக்குத்தான். புறக்கோட்டைக் கடையில் நிற்கும் பையனுக்குக் கடை பூட்டும் நாளே லீவு நாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தவணை விடுமுறைதான் கதி. இவர்களுக்கு வேறு நாள் இல்லை. அதே வாரத்தில் அதே வாசலில் ஓய்வூதியம் பெறுகிறவர் நிற்கிறார், சொந்தத் தொழில் செய்கிறவர் நிற்கிறார், ஒரு தொலைபேசி அழைப்பில் லீவு எடுக்கக்கூடிய அதிகாரி நிற்கிறார். இவர்கள் பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை போகலாம். அது மழை குறைந்த, வானம் தெளிந்த காலமுங்கூட. கலியாண வீட்டில் பந்தி நிறைந்து, வெளியே பிள்ளைகளும் தூரத்திலிருந்து வந்தவர்களும் நிற்கிறார்கள் என்றால், உள்ளூர்க்காரர் அடுத்த பந்திக்கு இருப்பார். அவருக்கும் அழைப்பு இருக்கிறது, அவருக்கும் பசிதான். பிந்தி இருந்தாலும் சாப்பிடலாம் என்பதால் விட்டுக்கொடுக்கிறார். நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தவர், முடியாதவருக்குச் சித்திரை வாரத்தை விட்டுக்கொடுக்கக் கடமைப்பட்டவர். இதைப் பெருந்தன்மை என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை, நடைமுறை நியாயம் அவ்வளவுதான்.

நுழைவுக் காசைக் கூட்டினால் கூட்டம் தானாகக் குறையும் என்று சொல்பவர்கள் உண்டு. குறையும், ஆனால் முதலில் குறைகிறவள் அந்தத் தையல் தொழிலாளிதான். வேறு வழி பார்த்த இடங்களும் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. மறு ஆண்டுக் கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று எல்லை வைத்தார்கள். தாய்லாந்து 2018இல் மாயா விரிகுடாவை அடியோடு மூடி, பவளப்பாறை மீளத் தொடங்கிய பின் 2022இல் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டோடு திறந்தது. தொகையை வரையறுப்பது விலையைக் கூட்டுவதைவிட நேர்மையானது. ஆனால் இடம் முழுவதையும் இணையத்தில் கொடுத்தால் வங்கி அட்டையும் வேகமான இணைப்பும் உள்ளவர் முந்திக்கொள்வார். ஹோட்டன் சமவெளிக்கும் ஒரு நாளுக்கு இத்தனை பேர் என்று எல்லை வேண்டும். அதில் ஒரு பங்கு பாடசாலைகளுக்கும், ஒரு பங்கு வாசலில் வந்து சீட்டு எடுப்பவர்களுக்கும் ஒதுக்கப்பட வேண்டும். வருகிறவர்களின் மனச்சாட்சி மட்டும் போதும் என்று அரசாங்கம் கைகட்டி நிற்க முடியாது. மீதொட்டமுல்லையிலும் அப்படி நின்றார்கள்.

ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் வெளிநாட்டு உறவினர்களால் வெள்ளவத்தை வீடுகள் நிறைந்துவிடும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், பிள்ளைகளோடு வருகிறவர்கள் அந்த மாதங்களில்தான் வரமுடியும். மாதத்தை மாற்ற முடியாதவர்களிடம் அதைக் கேட்பது அநியாயம். கிழமையை மாற்றலாம். சனி, ஞாயிறையும் போயா நாளையும் உள்ளூர்க்காரருக்கு விட்டுவிட்டுப் புதன்கிழமை ஏறலாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு நுழைவுக் கட்டணம் பல மடங்கு என்பது உண்மை. அந்தக் காசு வழிக்கும் பாதுகாப்புக்கும் கொடுப்பது. மரைக்குப் பாண் நீட்டவோ பாதையை விட்டு இறங்கவோ அது உரிமை தராது.

இன்னொரு கூட்டமும் சித்திரை வாரத்தில் அதே மலைக்கு ஏறுகிறது, அதைப் பற்றித் திட்டம் போடுகிறவர்கள் பேசுவதே இல்லை. கொழும்பின் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகள் புத்தாண்டுக்கு வீட்டுக்குப் போகிறார்கள். ஹட்டன், நானுஓயா, பண்டாரவளை என்று அவர்கள் ஏறவேண்டிய பஸ்ஸிலும் பதுளை ரயிலிலும் ஆசனங்களைச் சுற்றுலாப் போகிறவர்கள் முன்கூட்டியே பதிவு செய்திருப்பார்கள். ஒரு வருடம் பொறுத்துத் தாயைப் பார்க்கப் போகிறவள் கதவோரம் நின்றுகொண்டே பாதி இரவைக் கழிப்பாள், ஜன்னலோர ஆசனத்தில் குளிர் பார்க்கப் போகிறவர் தூங்குவார். சட்டப்படி இதில் குறையில்லை. பதிவு செய்தவருக்கு ஆசனம் உரியதுதான். ஆனால் வீட்டுக்குப் போவதும் சுற்றிப் பார்க்கப் போவதும் ஒரே எடையுள்ள தேவைகள் என்று யாராலும் மனதாரச் சொல்ல முடியாது. சுற்றிப் பார்ப்பதை இரண்டு கிழமை தள்ளிவைக்கலாம்.

இங்கே பேச்சு வேலை கொடுப்பவர்கள் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. சித்திரைக்கு மட்டும் கடையைப் பூட்டி, மற்ற மாதங்களில் இரண்டு நாள் சேர்த்துக் கேட்டாலும் முகத்தைத் திருப்பும் முதலாளிக்கும் அந்தப் பாதையில் நீளும் வரிசையில் ஒரு பங்கு இருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் ஆளுக்கொரு மாதம் என்று லீவைப் பிரித்துக் கொடுப்பது பெரிய வித்தையல்ல. பெருநாளுக்கும் வெசாக்குக்கும் தீபாவளிக்கும் கடையைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்கொருவர் மாறி நிற்கும் வழக்கம் கொழும்பில் பல இடங்களில் ஏற்கெனவே உண்டு. அதே ஏற்பாட்டைச் சுற்றுலாவுக்கும் நீட்டினால், சித்திரையில் ஊருக்குப் போகிறவள் இருந்து போவாள், பெப்ரவரியில் சமவெளிக்குப் போக விரும்புகிற பையனுக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை கிடைக்கும்.