மேடை பெரிதானால் உண்மை சிறிதாகுமா?

எமது பாடசாலை மாணவர் நடித்த நாடகமொன்று கோட்டமட்டத் தமிழ்மொழித் தினப் போட்டியில் முதலிடம் பெற்று வலயமட்டத்துக்குத் தெரிவானது. கோட்டமட்டப் போட்டி எமது மண்டபத்திலேயே நடந்தமையால் ஊரே வந்து பார்த்தது. அன்று தொடக்கம் தேநீர்க் கடையிலும் பள்ளி முற்றத்திலும் ஒரே கேள்விதான்: "எப்ப சேர் டவுனுக்குக் கொண்டு போறீங்க?"

நாடகத்தின் பொருள் கைக்கூலி. வீட்டு உறுதியைக் கையில் வாங்கிய பின்னரே மாப்பிள்ளை வீட்டார் நிக்காஹ்வுக்கு நாள் குறிக்கின்றனர். அந்தக் கட்டத்தில் மண்டபம் உறைந்து போயிற்று. முதலில் கைதட்டியவர் ஊர்ப் பெரியவர் ஒருவர்.

அவரே ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்தார். "சேர், இஞ்ச போட்டது நல்லம். அங்க எல்லாச் சனமும் வரும். அந்தக் கட்டத்த மட்டும் எடுத்துடுங்க. நம்மட மானம் போயிரும்."

அவரது அச்சத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. சிறுபான்மையினரின் குறையொன்று பிறர் முன் வைக்கப்படும்போது அது முழுச் சமூகத்தின் மீதும் குத்தப்படும் முத்திரையாகி விடுவதுண்டு. ஆயினும் ஊருக்குள் சொன்னால் நியாயம், வெளியே சொன்னால் துரோகம் என்றால் நாம் காப்பது மானத்தையா, வழக்கத்தையா? கைக்கூலி என்ற சொல் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்திலேயே இடம்பெற்றது. மணமகளின் பொருட்டு மணமகனிடம் கொடுக்கப்பட்ட பணத்தை அவள் மீளக் கோரவும் அது வழிவகுத்தது. சட்டநூலில் உள்ளதை மேடையில் மறைத்து என்ன பயன்?

மேடை மாறும்போது எதுவுமே மாறலாகாது என்று நான் வாதிடவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபோது, வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்டது படச்சட்ட மேடைக்கேற்பச் சுருக்கப்பட்டது. 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என அம்முயற்சி வளர்ந்தது. அதனால் கூத்து இழந்தவை பற்றி வாதிட்டோரும் உளர். எனினும் அதன் ஆட்டமும் பாட்டும் கைவிடப்படவில்லை. நேரத்தைக் குறைக்கலாம், உயிர்க்கட்டத்தை எடுத்துவிட்டால் பெரிய மேடைக்குப் போவது வேறொரு நாடகம்.

இன்னொரு கேள்விதான் என்னை உறங்கவிடவில்லை. துணிச்சலான நாடகம் வேண்டுமென்று ஆவலோடு காத்திருக்கும் நாம் இருட்டிலே அமர்ந்திருக்கிறோம். வெளிச்சத்தில் நிற்பவள் பதினாறு வயதுப் பிள்ளை. நாளை அவளுக்கும் மாப்பிள்ளை தேடுவார்கள். எமது ஆவலுக்கு அவள் ஏன் விலை கொடுக்க வேண்டும்? ஆகவே தகப்பனாரை வைத்துக்கொண்டு அவளிடமே கேட்டேன்.

"அந்தக் கட்டம் இல்லாட்டி நான் என்னத்துக்கு சேர் அழணும்?" என்றாள்.

தகப்பனார் ஒன்றும் பேசாமல் அனுமதிக் கடிதத்தில் ஒப்பமிட்டார்.

பெரியவரிடம் ஒன்றே வேண்டினேன். கட்டத்தை எடுக்கமாட்டோம், நீங்களும் எங்களோடு பஸ்ஸில் வந்து முன்வரிசையில் இருங்கள். எமது குறையைப் பார்ப்போர், அக்குறையை நாமே சுட்டிக்காட்டத் துணிந்ததையும், எமது பெரியவர்கள் அதற்குத் துணையாக வந்ததையும் சேர்த்தே பார்க்கட்டும்.

அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. அவருக்கென ஓர் ஆசனம் வைத்திருக்கிறோம்.