ரதி ஓரிடம், தப்பு ஓரிடம்

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் இலங்கை மலையகத்துப் பூனாகலையில், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில், காமன் கூத்துக்குக் காமன் ஊன்றுவார்கள். கரும்பு, ஆமணக்கங்கொம்பு, வைக்கோல்பிரி. அன்று தொடங்கிப் பௌர்ணமி வரை அந்தியானால் தப்புச் சத்தம்தான். பகலெல்லாம் மலையேறி இறங்கிய கால்கள் ராத்திரியில் எப்படி ஆடின என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

ரதி வேஷம் கட்டுகிறவர் ஆண். பகலில் கவ்வாத்து வெட்டுவார். வளையல் அடுக்கிய கையில் கத்தி பட்ட தழும்பு பந்த வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். காமன் எரிந்ததும் வெள்ளைச் சேலையில் வந்து ஒப்பாரி வைப்பார். இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் நிஜமாகவே அழுவார்கள். அந்த வருஷம் பிள்ளையைப் பறிகொடுத்தவளும் அந்தச் சாக்கில் அழுது தீர்த்துக்கொள்வாள். பிள்ளைகளான எங்களுக்குக் கூத்தில் வீரபத்திரன் எப்போது வருவான் என்ற பயம் மட்டும்தான்.

*

1948இல் இலங்கையில் எங்கள் மக்களின் குடியுரிமை போயிற்று. 1964 அக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

குடும்பம் குடும்பமாகத்தான் கணக்கெடுத்தார்கள். கூத்து அந்தக் கணக்கில் வருமா? ரதி ஆடியவருக்கு இந்தியா, தப்பு அடித்தவருக்கு இலங்கை. கூத்தின் பாட்டு வாத்தியார் இந்தியக் கரையில் மண்டபம் முகாமோடு எங்களைப் பிரிந்து வேறெங்கோ போனார். பண்டாரவளையில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிய நாங்கள் கடைசியில் வந்து சேர்ந்தது கோத்தகிரிப் பக்கம். அதே தேயிலை, அதே குளிர். பெயர் மட்டும் 'சிலோன்காரர்'.

தீபாவளி எங்களோடு வந்துவிட்டது. ஒரு வீடு இருந்தால் அதற்குப் போதும். காமனுக்கு லயமே வேண்டும்.

*

கொச்சி யூதர்களைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. 1950களில் மட்டாஞ்சேரியையும் சுற்றுப்புறங்களையும் விட்டு இஸ்ரேலுக்குப் போனவர்கள். நெவாதிம் போன்ற குடியிருப்புகளில் பல குடும்பங்கள் சேர்ந்தே குடியேறின. பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் உரிய மலையாளப் பாட்டுகளைப் பெண்கள் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள். அங்கேயும் இடையில் பாட்டு மங்கத்தான் செய்தது. ஆனால் பிற்பாடு தேடியவர்களுக்கு நோட்டும் கிடைத்தது, பாடத் தெரிந்த பாட்டிகளும் கிடைத்தார்கள்.

நம்மிடமும் நோட்டு இருந்தது. பாட்டு வாத்தியார் அதை எவர் கையிலும் கொடுக்கமாட்டார். அது அவருடைய கர்வம், அவருக்கு இருக்கவேண்டிய கர்வம்தான்.

*

2014இல் தீபாவளி அக்டோபர் 22. ஒரே வாரத்தில், 29ஆம் தேதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பூனாகலைக்கு அது தூரமில்லை. திரும்பிப் போனால் எல்லாம் அப்படியே இருக்கும் என்ற நினைப்பு எனக்கு அன்றோடு விட்டது.

மலையகத்தில் காமன் கூத்து இன்றும் நடக்கிறது. வேஷம் கட்ட இளவட்டங்கள் வருகிறார்கள். விடிய விடியப் பாடுகிற குரல்கள்தான் குறைகின்றன.

கூடலூரிலோ கோத்தகிரியிலோ, பதுளையிலோ பண்டாரவளையிலோ, உங்கள் வீட்டில் காமன் பாட்டு தெரிந்த தாத்தா இருந்தால் மாசி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து பாடச் சொல்லி, போனில் பதிந்துவையுங்கள்.