கலிங்கு கற்பிக்கும் அறம்



திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே, வயல்கள் சூழ நிற்கும் பாறைக் குன்று திருமலை. அதன் அடிவாரச் சிற்றூரைச் சோழர் காலக் கல்வெட்டுகள் வைகாவூர் எனக் குறிக்கின்றன. குன்றின் பாறையில் ஏறத்தாழ 16 அடி உயரத்தில் பகவான் நேமிநாதர் நின்றருள்கிறார். முதலாம் இராசராசனின் தமக்கையார் பெயரால் வழங்கிய குந்தவை ஜிநாலயமும் இவ்வூருக்கே உரியது.

முதலாம் இராசேந்திரன் கங்கைவரை பெற்ற வெற்றிகளை விரித்துரைக்கும் புகழ்மிக்க கல்வெட்டு இங்கே உள்ளது. அவ்வளவு வெற்றிகளையும் அடுக்கிய பின் அக்கல்வெட்டு சொல்ல வந்த செய்தி யாது? சாமுண்டப்பை என்னும் வணிகர் மனைவி, இந்த ஜிநாலயத்துக்கு விளக்கும் திருவமுதும் நிகழப் பொன் அளித்தாள் என்பதே. வென்ற நாடுகள் சோழர் கையில் நிலைக்கவில்லை. அவள் செய்த தானமோ இன்றும் நம் நெஞ்சில் ஒளிர்கிறது.

அதனினும் முந்தியது, இராசராசனின் 21-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. குணவீர மாமுனிவர் இங்கே நெல் விளையும் பொருட்டுக் கலிங்கு ஒன்று அமைத்தார் என்று அது கூறுகிறது. அதற்குத் தம் பெயரை இடாது, கணிசேகர மருபொற்சூரியன் என்னும் சான்றோர் பெயரையே இட்டார். தமக்கென ஒரு பிடி நிலமும் வேண்டாத துறவி, உழவர்தம் வயலுக்காகக் கவலை கொண்டார்!

கலிங்கின் தொழிலை உழவர் குடியிற் பிறந்த நாம் நன்கறிவோம். ஏரி கொள்ளும் அளவுக்குமேல் வரும் நீரைக் கலிங்கு வெளியே விடுகிறது. அந்நீர் அடுத்த ஏரியை நிரப்புகிறது. கலிங்கு இல்லையேல் கரை உடையும், ஊரும் அழியும். ஆகவே மிகுநீரை விடுவது ஏரிக்கு இழப்பன்று, காப்பேயாகும்.

இல்லறத்தார்க்கு விதிக்கப்பெற்ற ஐந்து அணுவிரதங்களுள் மிகுபொருள் விரும்பாமையும் ஒன்று. அதுவே நம் மனைக்குரிய கலிங்கு. தேவைக்கு வரையறை செய்து, எஞ்சியதை உணவாகவும் மருந்தாகவும் நூலாகவும் அபயமாகவும் பிறர்க்கு வழங்குக என்கிறது நம் அறம். வரையறை இல்லாத செல்வம் உடன்பிறந்தாரையும் வழக்குமன்றம் ஏற்றுவதை நாம் காணாமலா இருக்கிறோம்?

நம் பிள்ளைகள் பலர் தொழில் நாடி நகரங்களில் வாழ்கின்றனர். அது குற்றமன்று. ஆயினும் அடிவாரத்து ஊர்களில் முதியோர் சிலரே விளக்கேற்றி வருகின்றனர். 1998-இல் திருமலையில் அரஹந்தகிரி மடம் தோன்றியது நமக்கெல்லாம் ஆறுதல். எனினும் மடம் ஒன்றே நம் கடமை அனைத்தையும் சுமக்க இயலுமா? ஆண்டுக்கொரு முறையேனும் பிள்ளைகளை அழைத்துச் சென்று, குன்றேறி வணங்கி, கல்வெட்டுகளைக் காட்டி, ஏரியின் கதையையும் சொல்லுவோம். மிகுதியை வழிந்தோட விடுவோம். நம் குலத்தின் கரை உடையாது காப்போம்.

ஜிநதருமம் வாழ்க!